ஆனியன் தளங்களை டோர் பிரவுசரில் திறப்பது எப்படி?

பென்னாகரம் பக்கம் ஒரு வீடு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன். 18 வயது ஆவதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள், யாரிடம் சொல்வது என்று அந்த வீட்டுப் பெண் தேட வேண்டும். ஓசூர் சிப்காட்டில் கம்பெனி வைஃபையில் இருந்தபடி தொழிலாளர் சட்டம் படிக்க நினைக்கிறார் ஒருவர். இருவரும் தப்பு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் என்ன தேடினார்கள் என்பது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டோர் பிரவுசர் என்பது நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்பதை மறைத்து இணையம் பார்க்க உதவும் பிரவுசர். டோர் வழியாக மட்டுமே திறக்கும் தளங்கள்தான் ஆனியன் தளங்கள்.

முதலில் டோர் பிரவுசரை இறக்குங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோரில் கிடைக்கும். அதே பெயர் மாதிரி வேறு ஆப்களும் வரும். வெளியிட்டவர் 'தி டோர் ப்ராஜெக்ட்' (இதை உருவாக்கும் அமைப்பு) என்று இருக்கிறதா பார்த்து எடுங்கள். கணினிக்கு அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்குவது நல்லது. ஐபோனுக்கு ஆனியன் பிரவுசர் என்ற ஆப் இருக்கிறது.

அடுத்து, திறந்து 'கனெக்ட்' அழுத்துங்கள். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுங்கள். இணைப்பே வரவில்லை என்றால் செட்டிங்ஸில் 'பிரிட்ஜ்' வசதியைப் போட்டுப் பாருங்கள், டோரைத் தடுத்திருக்கும் இடத்தில் வேறு வழியாக நுழைய அது உதவும்.

இப்போது நீங்கள் திறக்கும் சாதாரணத் தளம் டோர் வலையில் உள்ள மூன்று கணினிகள் வழியாக வருகிறது. முதல் கணினிக்கு உங்களைத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. மூன்றாவதுக்குத் தளம் தெரியும், நீங்கள் யார் என்று தெரியாது. ஆனால் அந்த மூன்றாவது இடத்தில் தகவல் டோரை விட்டு வெளியே இறங்குகிறது. பலவீனமான இடம் அதுதான்.

ஆனியன் தளத்தில் அப்படி இறங்கவே வேண்டியதில்லை. தளமும் தன் பக்கத்திலிருந்து மூன்று கணினிகள் வழியாக வந்து, நடுவில் ஒரு கணினியில் உங்களைச் சந்திக்கிறது. உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) தளத்துக்குத் தெரியாது, அதனுடையது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இணையம் தருகிற நிறுவனம் பார்த்தால், டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது மட்டும் தெரியும்.

சரி, ஒன்றைத் திறந்து பார்ப்போம். கணினியில் டோர் பிரவுசர் வழியாக டோர் ப்ராஜெக்ட் தளத்துக்குப் போங்கள். முகவரிப் பட்டியில் ஆனியன் முகவரி இருப்பதாக ஒரு பொத்தான் காட்டும். அதை அழுத்தினால் 56 எழுத்தும் எண்ணும் கலந்து, 'டாட் ஆனியன்' என்று முடிகிற நீளமான முகவரி வரும். அந்த முகவரிக்குள்தான் தளத்தின் மறையாக்கச் சாவி, அதாவது அது அசல் தளம்தான் என்று உறுதி செய்யும் குறியீடு, இருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் அது அந்தத் தளத்தின் முகவரி இல்லை. அதனால் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் நம்பாதீர்கள். அந்தந்த நிறுவனம் தன் சொந்தத் தளத்தில் கொடுத்திருப்பதை மட்டும் எடுங்கள். பிபிசி 2019 முதல் இப்படி ஒரு தளம் நடத்துகிறது. ஃபேஸ்புக் 2014-லேயே தொடங்கியது.

ஃபேஸ்புக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சொந்தப் பெயரில் உள்ளே நுழைந்துவிட்டால் நீங்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்துதான் போகும். நீங்கள் இருக்கும் இடம்தான் மறையும். பெயரும் தெரியக் கூடாது என்றால் எங்கும் லாகின் செய்யாதீர்கள், போன் நம்பர் கொடுக்காதீர்கள்.

அப்புறம், தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பிரவுசிங் சென்டர் கணினியில் இதைச் செய்ய வேண்டாம். நீங்கள் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் மென்பொருள் அதில் இருந்தால் டோர் காப்பாற்றாது. வீட்டுப் பொதுப் போனிலும் ஆப் படம் எல்லோர் கண்ணிலும் படும். வேலை முடிந்ததும் மெனுவில் 'க்விட்' கொடுத்து மூடி, தேவைப்பட்டால் ஆப்பையே நீக்கிவிடுங்கள். பார்த்த தளங்களின் பட்டியலும் குக்கீகளும் (தளங்கள் உங்களை அடையாளம் காணச் சேமிக்கும் சிறு தகவல்கள்) மூடும்போதே போய்விடும். நீங்களாக இறக்கிய கோப்பு மட்டும் போனிலேயே இருக்கும், அதைத் தனியாக அழியுங்கள்.