கன்று நட்டால் போதுமா? மதுரைப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றில் கூடிக்கொண்டே போகும் கார்பனை மரத்திலும் மண்ணிலும் தங்க வைக்க அரசு எடுக்கும் முயற்சிகளில் பெரியது, 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம். காடும் மரமும் மாநிலப் பரப்பில் 33 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பது இலக்கு. நம் ஊர்களிலும் ஆர்வமாக நடுகிறார்கள். ஆனால் நட்டதில் எத்தனை பிழைக்கிறது?

முதல் தவறு, நாள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நட்டுவிட்டுப் போய்விடுகிறோம். மதுரைக்கு நல்ல மழை புரட்டாசி, ஐப்பசியில்தான். அதற்குள் ஆடிக்காற்று கன்றைக் காயவைத்துவிடும். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் புரட்டாசி வரை பொறுங்கள்.

அப்புறம் சீமைக்கருவேலம். தரையோடு வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்; ஒரு மழைக்கே அடிக்கட்டை துளிர்த்துவிடும். நெற்றைத் தின்ற ஆடுமாடு சாணத்தோடு விதையையும் பரப்பும். தூரோடு பிடுங்கி, அந்த மழைக்காலத்திலேயே வேம்போ புங்கனோ வைக்க வேண்டும். வெட்டிய கட்டை கரிமூட்டத்துக்குப் போனால் அதிலிருந்த கார்பன் மறுபடி காற்றுக்குத்தான் போகிறது. அந்த இடம் சும்மா கிடந்தால் நட்டம் இரட்டிப்பு.

கண்மாயின் உள்வாயில் மரம் வளர்ப்பதும் வேண்டாம். தண்ணீர் நிற்கும் இடம் குறையும். கரைக்குப் பனை, வரத்துக்கால் ஓரத்துக்கு மருது, ஊரணிப் பக்கம் நாவல் என்று இடத்துக்கு ஏற்ற மரம் நம்மிடமே இருக்கிறது.

எனக்கு ஆறாத வருத்தம் தருவது வேறொன்று. ஏற்கெனவே கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் பழைய இடங்களை 'சும்மா கிடக்கும் நிலம்' என்று பார்க்கிறோம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் பாறையும் புதரும் ஊற்றும் கண்மாயுமாக 193 ஹெக்டேர், 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது; அதாவது, அரிய உயிரினங்கள் வாழும் இடம் என்று அரசே அறிவித்துக் காக்கும் இடம். 2025-இல் அழகர்மலைக்கு அந்தப்புறம் காசம்பட்டிக் கோயில்காட்டுக்கும் (சாமிக்கென்று ஊரே காத்துவரும் காடு) அந்த அந்தஸ்து கிடைத்தது. அது ஐந்து ஹெக்டேர்கூட இல்லை! சின்ன இடம்தானே என்று எந்தக் காட்டையும் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இப்படிப்பட்ட காட்டில் புதிதாக நடுவதைவிட, இருப்பதைக் கெடுக்காமல் இருப்பதே பெரிய வேலை. திருவிழாவுக்குச் சுத்தம் செய்கிறோம் என்று சருகைக் கூட்டித் தீ வைக்காதீர்கள். மக்கி மண்ணில் சேர வேண்டியது புகையாகிவிடும். சாமிக்கு முன்னால் மரத்தின் தூர்வரை சிமெண்ட் தளம் போடாதீர்கள். வேருக்கு மழைத்தண்ணீர் இறங்காது. உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம், ஊரின் மரம், செடி, உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் கோயில்காடு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிராமசபையிலேயே பேசி ஏற்றச் சொல்லுங்கள்.