நாற்பதில் மட்டும் மங்கல்

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்துவிடும். கொப்புளத்தின் அடிப்பக்கம் வெள்ளையாகப் படியும் பூஞ்சை வித்துகளைப் பார்க்கத்தான் பழைய கூட்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கினேன். 10 மடங்கு லென்ஸில் தெளிவு. 40-க்குத் திருப்பினால் பால் கலக்கியது போல மங்கல்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கண்ணருகு லென்ஸைச் சுழற்றினேன். மங்கல் கூடவே சுற்றவில்லை. சிலைடை நகர்த்தினேன், அதோடும் நகரவில்லை. சிலைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் கன்டென்சரை ஏற்றி இறக்கியும் மாற்றமில்லை. சரி, அப்படியானால் 40-தான். அதைக் கழற்றி, கண்ணருகு லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து அதன் வழியே பார்த்தேன். நுனிக் கண்ணாடியில் மஞ்சளாக எண்ணெய் காய்ந்து கிடந்தது. சிலைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே விடும் இந்த எண்ணெய் 100 மடங்கு லென்ஸுக்கு உரியது. எண்ணெய் விட்ட சிலைடின் மேலேயே முன்பு யாரோ 40-ஐத் திருப்பியிருக்க வேண்டும்.

லென்ஸ் தாளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைத்தேன். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் தாள். வேட்டி முனை வேண்டவே வேண்டாம்; கீறல் விழுந்தால் லென்ஸ் போச்சு.

மலைப்பனிக்கு லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும் என்பதால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட வேண்டும்.

அப்புறம், இந்த வித்துகளுக்கு நிறமில்லை. 40-ம் கண்ணருகு லென்ஸும் சேர்ந்து தரும் 400 மடங்கில் வெளிச்சம் கூடினால் காணாமல் போகும். வெளிச்சம் வரும் துளையைச் சுருக்கும் ஐரிஸைச் சற்று மூடினால் விளிம்பு தெரியும்.