ரெக்கார்டிங் செட்டாப் பாக்ஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது செட்டாப் பாக்ஸ் வருகிறது என்றால் வீட்டில் எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். கழற்றி எடுத்துக்கொண்டு போகிற பழைய பாக்ஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரெக்கார்டிங் வசதியுள்ள பாக்ஸை மாற்றுகிறவர்களுக்கு வரும் தலைவலியில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

பாக்ஸில் பதிவான நிகழ்ச்சி, நாம் மொபைலில் எடுக்கும் வீடியோ மாதிரி கிடையாது. பாக்ஸ் பெரும்பாலும் அதைத் தன்னிடம் மட்டுமே இருக்கும் சாவியால் பூட்டித்தான் டிஸ்க்கில் எழுதுகிறது. அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புது பாக்ஸில் செருகினால் பதிவுகள் ஓடாது. அதே நிறுவனத்தின் அடுத்த மாடலாக இருந்தாலும் இதே கதைதான். கம்ப்யூட்டரில் செருகினாலும் எதுவும் திறக்காது. "சார், காப்பி பண்ணித் தந்துடுறேன்" என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேளுங்கள். அவர் பேச்சை மாற்றுவார். பல பாக்ஸ்களில் கணக்கு முடங்கியதும் அதிலேயே இருக்கும் பழைய பதிவுகளும் திறக்காமல் போகும். எனவே பார்க்க வேண்டியது மிச்சம் இருந்தால், பழைய பாக்ஸின் பேக் முடியும்வரை அதைக் கொடுக்காமல் வைத்திருந்து பார்த்து முடியுங்கள். உள்ளூர் சேனலில் வந்த பள்ளி ஆண்டுவிழா போல உங்களுக்கு மட்டுமே முக்கியமான பதிவு என்றால், சேனல்காரரிடமே கேட்டு ஒரு பிரதி வாங்குவதுதான் வழி.

அடுத்தது, "ரெக்கார்டிங் உண்டு" என்ற பேச்சை அப்படியே நம்பிவிடுவது. கடையில் இந்த ஒரே வார்த்தைக்கு மூன்று அர்த்தம் இருக்கிறது. பாக்ஸுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருப்பது ஒன்று. 2008-ல் டாடா ஸ்கை ப்ளஸ் வந்தபோது நம் ஊரில் பலருக்கு அறிமுகமானது இதுதான். பின்னால் இருக்கும் யூ.எஸ்.பி. துளையில் நாமே பென் டிரைவ் செருகிப் பதிவு செய்வது இன்னொன்று. மூன்றாவது, ஆண்ட்ராய்டு பாக்ஸில் இன்டர்நெட் வழியாகப் பழைய எபிசோடைப் பார்ப்பது. இது பதிவே அல்ல. நெட் இல்லையென்றால் இதுவும் இல்லை. யூ.எஸ்.பி. துளை இருக்கிறது என்பதற்காக ரெக்கார்டிங் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சில பாக்ஸ்களில் அது சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கும் போட்டோ பார்ப்பதற்கும் மட்டும்தான். "உங்க நெட்வொர்க்ல இந்த மாடல்ல ரெக்கார்டிங் ஆன்ல இருக்கா?" என்று கேபிள்காரரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது சீரியல் மட்டும்தான் என்றால் ரெக்கார்டிங் பாக்ஸே தேவைப்படாமல் இருக்கலாம். சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவியுடையவை ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழுடையவை ஜீ5-லும் கிடைக்கின்றன. நெட் சரியாக வராத வீட்டுக்கும், செய்தி விவாதம், உள்ளூர் சேனல் என்று பார்க்கிறவர்களுக்கும்தான் பதிவு வசதி உண்மையில் உதவும்.

பென் டிரைவ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முதல் தடவை செருகும்போது பல பாக்ஸ்கள் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். ரிமோட்டில் ஓகே அழுத்திய அடுத்த நொடி, அதிலிருந்த கல்யாண போட்டோ எல்லாம் போச்சு. பதிவுக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். கொள்ளளவையும் குறைத்து எடை போட வேண்டாம். ஓர் எச்.டி. (கூடுதல் தெளிவுள்ள) சேனல் விநாடிக்கு 8 மெகாபிட் அளவில் வந்தால் ஒரு மணி நேரப் பதிவுக்கு 3.6 ஜி.பி. ஆகும். 32 ஜி.பி. பென் டிரைவ் எட்டு மணி நேரத்துக்குமேல் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அப்புறம், எல்லா கையடக்க ஹார்ட் டிஸ்க்கும் பாக்ஸின் யூ.எஸ்.பி. மின்சாரத்தில் ஓடிவிடும் என்று சொல்ல முடியாது. சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூடுதலாகக் கேட்டால், டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். பாக்ஸ் பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க முடியுமா என்பது பாக்ஸுக்குள் எத்தனை ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே ட்யூனர் என்றால் பதிவாகும் சேனலைத்தான் பார்க்க வேண்டும். மிஞ்சிப்போனால், அதே அலைவரிசையில் வரும் வேறு சில சேனல்களுக்கு மாறலாம். கேபிளில் இரண்டு ட்யூனர் பாக்ஸுக்கும் ஒரே வயர் போதும். டிஷ் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதில் இரண்டு ட்யூனர் என்றால் பெரும்பாலும் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னல் வாங்கும் எல்.என்.பி.யிலிருந்து இரண்டு வயர் இறங்க வேண்டும். மொட்டை மாடியில் இருப்பது ஒற்றை வாய் எல்.என்.பி. என்றால், அதை மாற்றாமல் பாக்ஸை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை.

எச்.டி. பாக்ஸ் வாங்கிவிட்டுப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயரிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வயரில் எச்.டி. வராது. எச்.டி.எம்.ஐ. வயர் மாட்டுங்கள், பாக்ஸின் செட்டிங்கில் 1080-க்கு மாற்றுங்கள்.

பதிவு தவறிப்போக முதல் காரணம் எது தெரியுமா? சுவரில் இருக்கும் சுவிட்ச். படுக்கப் போகுமுன் டிவி பிளக்கை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். ரிமோட்டில் அணைத்தால் பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் இருந்து, குறித்த நேரத்துக்குத் தானே விழித்துப் பதிவு செய்யும். சுவிட்சை அணைத்துவிட்டால் எதுவும் செய்யாது. டிவிக்கும் பாக்ஸுக்கும் தனித்தனி பிளக் வையுங்கள். பாக்ஸின் சுவிட்சில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் அம்மாவோ அப்பாவோ கை தவறி அணைக்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் பாக்ஸை அந்த லைனில் கொடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் உயிரோடு இருக்கும் பெட்டி சூடாகும் என்பதால் அதன் மேல் பூவேலைத் துணி விரிப்பது, மோடத்தை ஏற்றி வைப்பது எல்லாம் வேண்டாம்.

நேரக் குறிப்பும் கவனிக்க வேண்டியது. பாக்ஸ் நம்புவது திரையில் வரும் நிகழ்ச்சி அட்டவணையை. கிரிக்கெட் மேட்ச் அந்த அட்டவணைக்குக் கட்டுப்படாது. மழையில் அரை மணி நேரம் தாமதமாகி, சூப்பர் ஓவர் வரை போனால், கடைசி இரண்டு ஓவருக்கு முன்பே பதிவு முடிந்திருக்கும். முடியும் நேரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் மேட்சுக்கு ஒரு மணி நேரமாவது கூட்டிவிடுங்கள். சீரியலுக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் போதும். பழைய பாக்ஸில் போட்டுவைத்த பட்டியல் தானாகப் புதியதுக்கு வந்துவிடாது. மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

காசு விஷயம். 2019-ல் டிவி கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது 100 எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) சேனல்கள்வரை அடிப்படைக் கட்டணம் மாதம் 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது, ஓர் எச்.டி. சேனலை இரண்டாகக் கணக்கிட்டார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. எனவே எச்.டி.க்கு மாறினால் மாதம் மொத்தம் எவ்வளவு என்று வரியோடு சேர்த்துக் கேளுங்கள். பாக்ஸ் சொந்தமா வாடகையா என்பதும் ரசீதில் இருக்கட்டும். பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தால் அதன் வி.சி. நம்பரை (இணைப்பின் அடையாள எண்) எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடக்கச் சொல்லாவிட்டால் இரண்டாவது இணைப்பாக பில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் பொதுவாக வேறு நிறுவனத்தில் ஓடாது என்பதால், ஆறு மாதத்தில் கேபிளை மாற்றும் யோசனை இருந்தால் விலை அதிகமான பாக்ஸை இப்போது வாங்காதீர்கள்.

மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன் ஒரு சேனலை ஐந்து நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது ஓடும்போதே வேறு சேனலுக்கு மாற்றிப் பாருங்கள், பாக்ஸை ஸ்டாண்ட்பைக்கு அனுப்பி மறுபடி எழுப்புங்கள், பதிவைத் திறந்து சத்தமும் படமும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.