ஸ்டாக் தளத்தில் புகைப்படம் விற்பது: படம் நிராகரிக்கப்படாமல் இருக்க

நாம் ஏற்றும் படங்களை மற்றவர்கள் பயன்படுத்தக் காசுக்கு விற்றுத் தரும் இணையதளங்கள்தான் ஸ்டாக் தளங்கள். அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் இரண்டிலும் கணக்குத் தொடங்குவது பெரிய வேலையில்லை. அடையாளச் சான்று கையில் இருந்தால் போதும். புதிதாக வருபவர்கள் அடோபியில் தொடங்குவதே நல்லது. அங்கே புகைப்பட விற்பனையில் உங்கள் பங்கு 33 சதவீதம், ஏறாது, இறங்காது. ஷட்டர்ஸ்டாக்கில் 15 முதல் 40 சதவீதம் வரை படிப்படியாக ஏறும். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மறுபடி முதல் படிக்கே வந்துவிடும்.

முதலில் அளவு. குறைந்தது 4 மெகாபிக்சல் வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் 40 லட்சத்தைத் தாண்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். போனிலிருந்து கேபிள் போட்டு மூலக் கோப்பையே எடுங்கள். எஸ்ஆர்ஜிபி (sRGB) எனும் வழக்கமான வண்ண அமைப்பில், ஜேபெக்காகச் சேமியுங்கள். பிறகு 100 சதவீதம் பெரிதாக்கி, நிழல் பகுதிகளைப் பாருங்கள். இருட்டை எடிட்டிங்கில் வெளுப்பாக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். அப்படிப்பட்ட படத்தை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது அடுத்த படியில்தான். வாங்குபவர் உங்கள் படத்தை விளம்பரத்தில் போடலாம். அதனால் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் மாடல் ரிலீஸ், அதாவது படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் படிவத்தில் கையெழுத்து வேண்டும், ஆளுக்கு ஒரு படிவம். சிறுவர் என்றால் பெற்றோர் போட வேண்டும். உங்களை நீங்களே எடுத்த படத்துக்கும் இது உண்டு.

தெருவில் பூ விற்கும் அம்மாவை அழகாக எடுத்திருப்பீர்கள். முகத்துக்குப் படிவம் இருக்காது, பின்சுவரில் சிமென்ட் விளம்பரம், ஓரத்தில் வண்டியின் நம்பர் பிளேட். ஒரே படத்தில் மூன்று தடை. லோகோவை மங்கலாக்கினால் போதாது; பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடும் குளோன் கருவியால் சுவடே தெரியாமல் அழிக்க வேண்டும். பால் பாக்கெட், செருப்பு, லேப்டாப் மூடி, சினிமா போஸ்டர் எல்லாவற்றுக்கும் இதேதான்.

இப்படிப்பட்ட தெருக்காட்சிகளை ஷட்டர்ஸ்டாக்கில் எடிட்டோரியல் பிரிவில், அதாவது விளம்பரத்துக்கு இல்லாமல் செய்தி, கட்டுரைகளுக்கான படங்களாகக் கொடுக்கலாம். அங்கே விதி நேர் எதிர்: எதையும் அழிக்கக் கூடாது. விவரக்குறிப்பு ஆங்கிலத்தில், ஊர், நாடு, தேதி என்ற வரிசையில் தொடங்க வேண்டும். உதாரணமாக, ஆங்கிலத்தில் இப்படி: ‘மதுரை, இந்தியா - ஜனவரி 14, 2025: அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் காளையை அடக்கும் வீரர்’. இந்த வரிசை பிசகினாலே படம் திரும்பி வரும்.

வாங்குபவர் தேடும்போது படம் கிடைக்க உதவும் குறிச்சொற்களை டிஜிகாமில் எழுதுவதே என் விருப்பம். இலவச மென்பொருள், சொற்கள் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் தளத்துக்குத் தளம் மறுபடி தட்ட வேண்டாம். அடோபியில் 49 வரை போடலாம், ஆனால் தேடலில் முதல் 10 சொற்களுக்குத்தான் மதிப்பு அதிகம். இட்லிப் படம் என்றால் இட்லி, சாம்பார், காலை உணவு என்பவை முன்னால் வரட்டும். வெள்ளை, தட்டு எல்லாம் கடைசியில். பிராண்டு பெயர் வேண்டவே வேண்டாம்.

கடைசியாகப் பணம். தளம் கேட்கும் அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8 பென்னில் (W-8BEN) பான் எண்ணைக் கொடுத்து, இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தச் சலுகையைக் கேளுங்கள். அமெரிக்க விற்பனைக்கு 30 சதவீதம் வரி பிடிப்பது 15 ஆகக் குறையும். அடோபியில் 25 டாலர் சேர்ந்ததும், இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலுக்கு அனுப்பச் சொல்லலாம்.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வங்கியில் இனிஷியலோடு பெயர் இருக்கும், பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பேபால், வரிப் படிவம் இரண்டிலும் பானில் உள்ளபடியே எழுதுங்கள். வங்கிக் கணக்கில் பெயர் வேறாக இருந்தால், முதல் படம் ஏற்றும் முன்பே கிளைக்குப் போய் அதை மாற்றிவிடுங்கள்.