பின் பிறேக் பாட் மாற்றும்போது விடக்கூடாத பிழைகள்

காரின் முன் சில்லுக்குப் பாட் மாற்றிப் பழகிய கைதான் பின் சில்லில் பிழை விடும். சில்லோடு சுழலும் தட்டில் (டிஸ்க்) பாட்டை அழுத்துவது கலிப்பர்; முன் கலிப்பரின் பிஸ்ரனை ஜி-கிளாம்ப் போட்டு அமத்தினால் உள்ளே போய்விடும். பின் கலிப்பர்கள் பலவற்றில் ஹாண்ட் பிறேக்கின் திருகாணியும் அதே பிஸ்ரனுக்குள் இருக்கிறது. அங்கே பலத்தைக் காட்டினால் தேய்ந்த பாட்டுக்காகத் தொடங்கிய வேலை புதுக் கலிப்பர் வாங்குவதில் முடியும்.

முதலில், உங்கள் காருக்குப் பின்னால் டிஸ்க்தானா என்று பாருங்கள். அல்ற்றோ, வகன் ஆர், விற்ஸ் போன்றவற்றில் பெரும்பாலும் ட்ரம். அதற்குள் இருப்பது லைனர், அது வேறு வேலை. பிறியஸ், வெசல் போன்றவற்றில் பெரும்பாலும் டிஸ்க். பாட்டின் உராயும் பகுதி, பின்தகட்டைச் சேர்க்காமல், 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். சில்லின் இடைவெளியால் தெரிவது வெளிப் பாட் மட்டுமே. உள் பாட் அதற்கு முன்பே தேய்ந்து முடிந்திருக்கலாம், கழற்றிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் பிழை; இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். ஆனால் ஒரு பக்கத்தை முழுதாகப் பூட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். எந்தக் கிளிப் எந்தப் பக்கம் என்று குழம்பினால் பார்த்துப் பூட்ட அது இருக்கும்.

இந்த வேலைக்கு ஹாண்ட் பிறேக்கை விட்டாக வேண்டும். அதனால் கியரை 'பி'யில் போட்டு, முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சில்லு நட்டுகளை ஜக் அடிக்கும் முன்பே கால் சுற்றுத் தளர்த்துங்கள். மணல் முற்றத்தில் ஜக் புதையும். கீழே தடித்த பலகை வேண்டும். உயர்த்திய காரைச் சீமெந்துக் கல்லில் நிறுத்தாதீர்கள். பாரம் ஒரு மூலையில் விழுந்தால் அந்தக் கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்ராண்ட் இல்லையென்றால் இரவல் கிடைக்கும்வரை வேலையைத் தள்ளிப் போடுவதே சரி.

இனிப் பிஸ்ரன். அதன் முகத்தில் சிலுவை வடிவில் பள்ளம் இருந்தால் அது அமத்துவதற்கானதல்ல, சுற்றி ஏற்றுவதற்கானது. அதற்குரிய கருவியால் மெல்ல அழுத்தியபடி சுற்ற வேண்டும். பெரும்பாலும் வலப்பக்கம் சுற்றினால் உள்ளே போகும். சில கார்களில் ஒரு பக்கக் கலிப்பர் எதிர்த்திசை. சுற்றும்போது பிஸ்ரனைச் சுற்றியுள்ள றப்பர் உறையும் சேர்ந்து முறுகும். ஒவ்வொரு சுற்றுக்கும் பார்த்து நேராக்குங்கள். கிழிந்தால் செம்மண்தூசி உள்ளே போய்ப் பிஸ்ரன் இறுகிவிடும். கடைசியில் பலரும் தவறவிடும் இடம்: உள் பாட்டின் முதுகில் சிறு குமிழ் ஒன்று இருந்தால், அது அந்தச் சிலுவைப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். மேட்டில் ஏறி நின்றால் பாட் சரிந்து தேயும், பிறேக் பிடித்தபடியே இருக்கும்.

பிஸ்ரன் உள்ளே போகும்போது பிறேக் எண்ணெய் மேல் போத்தலுக்குத் திரும்பும். பாட் தேயத்தேய யாராவது எண்ணெய் விட்டு நிரப்பியிருந்தால் வழியும். முன்பே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். வழிந்தால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், பெயின்றை அது தின்னும்.

மின்சார ஹாண்ட் பிறேக் உள்ள கார்களில், வெசல் போல, முதலில் ஸ்கானரால் அல்லது கைநூல் சொல்லும் முறையால் 'மெயின்ரனன்ஸ் மோட்' எனும் பராமரிப்பு நிலைக்குப் போகாமல் பிஸ்ரனைத் தொடவே வேண்டாம். பிறியஸில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் ஓடக்கூடும். கலிப்பர் கழன்றிருக்கும்போது அது ஆபத்து. காரை நிறுத்தி 2 நிமிடமாவது பொறுத்து 12 வோல்ற் பற்றறியின் நெகற்றிவைக் கழற்றுங்கள். பிறகு பின்கதவை மூடிவிடாதீர்கள், அதன் பூட்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கடலைக் கடக்கும் பண்ணை, பொன்னாலைப் பாலங்களால் தினம் ஓடும் கார்களில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது கலிப்பரின் வழுக்கும் பின்களை. உள் பாட்டும் வெளிப் பாட்டும் ஒரேயளவு தேயவில்லையென்றால் முதல் சந்தேகம் அவற்றில்தான். பின்னை விரலால் இழுத்தால் வரவேண்டும், தள்ளினால் போகவேண்டும். பழைய கிறீஸை முழுதாகத் துடைத்துச் சிலிக்கன் பிறேக் கிறீஸ் மட்டும் பூசுங்கள். சாதாரணக் கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். சில மாதத்தில் அந்தப் பின் மறுபடி இறுகும். நுனியில் றப்பர் உள்ள பின்னை மற்றதன் இடத்தில் போடாதீர்கள். புதுப் பாட் இறுக்கமாக இருந்தால் அதன் காதை அராவ வேண்டாம், சுத்தியலாலும் அடிக்க வேண்டாம். கிளிப்பைக் கழற்றி அடியில் உள்ள துருவை வயர் பிறஷால் தேய்த்தால் பாட் தானாக அமரும்.

கழற்றிய கலிப்பரை ஹோசில் தொங்கவிடாதீர்கள், கட்டுக்கம்பியால் ஸ்பிறிங்கில் கட்டுங்கள். தூசியை ஊதவும் வேண்டாம், மண்ணெண்ணெயால் துடைக்கவும் வேண்டாம். பிறேக் கிளீனர் போதும்.

எல்லாம் பூட்டிய பின், பற்றறியைக் கழற்றியிருந்தால் அதை மாட்டிவிட்டு, கார் அசைய முன் பெடலை இறுகும்வரை மிதியுங்கள். முதல் மிதி அடிவரை போகும். அந்த நிலையில் ஒழுங்கையால் வெளியே எடுத்தால் கார் நிற்காது. பிறகு ஹாண்ட் பிறேக்கைப் பலமுறை இழுத்துவிடுங்கள். அது உயரமாக வந்தால் உடனே கேபிளை இறுக்காதீர்கள், உள்ளே தானாகச் சரிசெய்யும் பகுதி இன்னும் எட்டியிருக்காது.

வெறுமையான வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு, அளவான மிதியில், எட்டுப் பத்துத் தடவை குறையுங்கள். இடையில் அரை நிமிடம் ஓடவிட்டு டிஸ்க்கை ஆறவிடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு பின் சில்லுகளின் றிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்தை மறுபடி கழற்றி வழுக்கும் பின்களையும் ஹாண்ட் பிறேக் கேபிளையும் பாருங்கள்.