சிறுகோள், வால்மீன் பாக்க ஆரம்பிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி சார்ஜ் போட மறந்தது, ஃபோகஸ் சரியா வைக்காதது, பனி படிஞ்சு லென்ஸ் மங்கினது, இதையெல்லாம் நான் எழுதப் போறதில்ல. ஒரு ராத்திரி பட்டா தானா புத்தி வந்துரும். இந்த ஃபீல்டுல இருக்கிற எல்லாரும் ஒரு காலத்துல பண்ணி, இப்ப புதுசா வர்ற பசங்களும் அப்படியே பண்ணிட்டிருக்கிற சில தவறுகள் இருக்கு, அதுல ஒண்ணு பல மாச உழைப்பை ஒரே நொடியில வீணாக்கும். அதை மட்டும் நீளமா சொல்றேன், மத்ததெல்லாம் சுருக்கமா.

டைமை அலட்சியமா விடுறது

ஒரு சிறுகோள் தூரத்து நட்சத்திரம் ஒண்ணுக்கு நேரா குறுக்க போகும்போது அந்த நட்சத்திரம் சில செகண்டு காணாம போயிரும். நட்சத்திர வெளிச்சத்துல சிறுகோளோட நிழல் பூமி மேல ஓடுது, நிழலோட அகலம் கிட்டத்தட்ட சிறுகோளோட அகலமேதான். அந்த நிழல் பாதையில நாலஞ்சு பேர் தள்ளித் தள்ளி நின்னு எப்ப மறைஞ்சுது, எப்ப திரும்ப வந்துச்சுன்னு பதிவு பண்ணா, ஆளுக்கு ஒரு நாண் கிடைக்கும், ஜாமெட்ரில படிச்ச அதே நாண்தான். அத்தனையையும் சேர்த்து வரைஞ்சா ராக்கெட் எதுவும் விடாமலே அந்தக் கல்லோட சைஸும் வடிவமும் சில கிலோமீட்டர் துல்லியத்துல வந்துரும்.

போன சீசன்ல ஒரு காலேஜ் குரூப் இதுக்காக மலை மேல போனாங்க. எட்டு இன்ச் டெலஸ்கோப், நல்ல வீடியோ கேமரா, ரெண்டு நாள் முன்னாடியே போய் இடம் பாத்து செட் பண்ணது, எல்லாமே பக்கா. வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினாங்க. ஸ்கிரீன்ல மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கு, நடுவுல இருக்கிறது திடீர்னு அணைஞ்சு போகுது, பின்னாடி ஒரு பையன் "அண்ணா போயிருச்சு, போயிருச்சு"ன்னு கத்துறான், கிட்டத்தட்ட நாலு செகண்டு கழிச்சு படக்குன்னு திரும்ப எரியுது. அவ்வளவு சுத்தமான பதிவு அடிக்கடி கிடைக்காது. "டைம் எங்கிருந்து எடுத்தீங்க தம்பி?"ன்னு கேட்டேன். "லேப்டாப் டைம்தான்ணா." மலை மேல நெட் இருந்துச்சான்னு கேட்டா, ரெண்டு நாளா சிக்னலே இல்லையாம்.

நெட்டோட சிங்க் ஆகாத லேப்டாப் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு செகண்டு, சிலது அதுக்கும் மேல, சுலபமா விலகிப் போகும். அன்னிக்கு நிழல் ஓடின வேகம் செகண்டுக்கு சுமார் 15 கிலோமீட்டர். ரெண்டு செகண்டு தப்புன்னா நாண் 30 கிலோமீட்டர் தள்ளிப் போய் உக்காரும். அந்த சிறுகோளோட மொத்த அகலமே 60 கிலோமீட்டர் சுமாருக்குத்தான்! வேற ஊர்ல இருந்து இன்னொரு டீம் சரியான டைமோட ஒரு நாண் அனுப்பியிருந்தாங்க, ரெண்டையும் ஒண்ணா வெச்சா எந்த வடிவத்துலயும் பொருந்தல. எவ்வளவு நேரம் மறைஞ்சுதுங்கிறது மட்டும் தேறுச்சு, அதுவும் பிரயோஜனம்தான், ஆனா வடிவம் போச்சு. அதே கல்லு அதே நட்சத்திரத்தை நம்ம ஊர் மேல இன்னொரு தடவை மறைக்கப் போறதில்ல, அதனாலதான் இதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு ஆத்திரமா வருது, பசங்க மேல இல்ல, இதை அவங்களுக்கு முன்னாடியே யாரும் அழுத்திச் சொல்லலைங்கிறது மேல.

டைம் சரியா இருந்தா என்ன கிடைக்கும்னு தெரிஞ்சுக்கணும்னா அரோக்கோத் கதையைப் பாருங்க. நெப்டியூனுக்கு அந்தப் பக்கம் 600 கோடி கிலோமீட்டருக்கும் மேல தூரத்துல இருக்கிற குட்டி பனிக்கட்டிப் பொருள். 2017 ஜூலை 17ஆம் தேதி அது ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்னு கணக்குப் போட்டு, அர்ஜென்டினாவுல 20க்கும் மேல டெலஸ்கோப்பை வரிசையா நிறுத்தினாங்க. அந்த ஊர்க்காரங்க தெருவிளக்கை அணைச்சுக் கொடுத்தாங்க, காத்து அடிக்காம இருக்க லாரியை எல்லாம் டெலஸ்கோப் பக்கத்துல மறைப்பா நிறுத்தினாங்க. அஞ்சு டெலஸ்கோப்புலதான் நட்சத்திரம் மறைஞ்சுது, அதுவும் ஒரு செகண்டு கூட முழுசா இல்ல. அந்த அஞ்சு நாணை வெச்சே இது ரெண்டு உருண்டை ஒட்டின மாதிரி இருக்கலாம்னு சொல்லிட்டாங்க, 2019 ஜனவரி 1 அன்னிக்கு நாசாவோட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்துல போய் போட்டோ எடுத்தப்போ அப்படியேதான் இருந்துச்சு. சாரிக்ளோங்கிற 250 கிலோமீட்டர் அகல சிறுகோளுக்கு வளையம் இருக்குன்னு 2013ல தெரிஞ்சதும் இதே வழியிலதான், மெயின் மறைப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் கண் இமைக்கிற நேரத்துக்கு வெளிச்சம் குறைஞ்சு வந்ததை வெச்சு.

சரி, என்ன பண்ணணும்? நெட் இருக்கிற இடம்னா பதிவு ஆரம்பிக்கிறதுக்கு சில நிமிஷம் முன்னாடி என்டிபி சர்வரோட (நெட் வழியா சரியான நேரம் கொடுக்கிற சர்வர்) சிங்க் பண்ணுங்க, முடிஞ்ச உடனே இன்னொரு தடவை செக் பண்ணி எவ்வளவு விலகியிருக்குன்னு எழுதி வைங்க. நெட் இல்லாத இடம்னா ஜிபிஎஸ் மாட்யூல் வாங்குங்க, அதுல செகண்டுக்கு ஒரு தடவை வர்ற பல்ஸை ஒரு எல்இடிக்குக் கொடுத்து, அந்த மினுக்கல் வீடியோவுலயே விழுற மாதிரி வெச்சுட்டா அப்புறம் லேப்டாப் கடிகாரம் எப்படிப் போனாலும் கவலையில்ல. ஜிபிஎஸ்லயும் ஒரு குழி இருக்கு. ஜிபிஎஸ் நேரம் யூடிசியை விட (உலகத்துக்கே பொதுவான நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி) 18 செகண்டு முன்னாடி ஓடுது, அந்தத் திருத்தம் சேட்டிலைட்ல இருந்து வந்து சேர பன்னிரண்டரை நிமிஷம் வரைக்கும் ஆகலாம், அதனால சில மாட்யூல் ஆன் பண்ண உடனே தப்பான நேரத்தைக் காட்டும். அரை மணி நேரம் முன்னாடியே ஆன் பண்ணிருங்க.

போட்டோ எடுத்து சிறுகோளோட இடத்தை அளக்கிறவங்களுக்கும் இதே பிரச்சனைதான். ஒரு நிமிஷ எக்ஸ்போஷர்னா அதோட நடு நேரத்தைத்தான் கொடுக்கணும், ஆரம்ப நேரத்தைக் கொடுத்தா 30 செகண்டு தப்பு. அப்புறம் தேதி. நம்ம ராத்திரி 12 மணியில இருந்து காலை 5.30 வரைக்கும் யூடிசியில முந்தின நாள். மார்ச் 13 விடியக்காலை 2.30க்கு எடுத்த படம் ரிப்போர்ட்ல மார்ச் 12.875ன்னு போகணும் (யூடிசியில 12ஆம் தேதி ராத்திரி 9 மணி, அதாவது ஒரு நாள்ல 0.875 பங்கு). இதை 13.875ன்னு அனுப்பிட்டா, சாதாரண சிறுகோள் கூட அதுக்குள்ள பாதி நிலா அகலத்துக்கு நகர்ந்திருக்கும்.

2029ல அபோஃபிஸ் சிறுகோள் நம்மளை 32,000 கிலோமீட்டர் பக்கத்துல கடந்து போகுதே, எல்லா இடத்துலயும் ஏப்ரல் 13ன்னு போட்டிருக்கும். மிக நெருக்கமா வர்ற நேரம் யூடிசி ராத்திரி 9.45 வாக்குல. நமக்கு அது சித்திரை ஒண்ணு, ஏப்ரல் 14 விடியக்காலை மூணேகால்.

வால்மீனோட மேக்னிட்யூட் நம்பரை நம்பி வண்டி எடுக்கிறது

மேக்னிட்யூட்ங்கிறது பிரகாசத்தோட அளவு, நம்பர் குறைய குறைய பிரகாசம் அதிகம். வால்மீன் மேக்னிட்யூட் 5ன்னு போட்டிருந்தா, மேக்னிட்யூட் 5 நட்சத்திரம் மாதிரி தெரியும்னு நினைச்சு கிளம்பிடுறாங்க. நட்சத்திரத்தோட வெளிச்சம் ஒரே புள்ளியில இருக்கு, வால்மீனோட வெளிச்சம் பெரிய பரப்புல பரவிக் கிடக்கு. ஒரு ஸ்பூன் நெய்யை ஒரு இட்லி மேல ஊத்துறதும் ஒரு அண்டா சோத்துல கலக்குறதும் ஒண்ணா? டவுன் வெளிச்சத்துல அது மொத்தமா கரைஞ்சு போயிரும். இருட்டான இடம், பைனாகுலர், ரெண்டும் வேணும்.

இன்னொண்ணு, சில மாசம் முன்னாடியே வர்ற கணிப்பு. வால்மீன் எவ்வளவு பிரகாசமா ஆகும்ங்கிறது அதுல இருக்கிற பனி எப்படி ஆவியாகுதுங்கிறதைப் பொறுத்தது, அதை முன்கூட்டி யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. 2013ல ஐசான் வால்மீன் பௌர்ணமி நிலா அளவுக்கு எரியும்னு எழுதினாங்க, நவம்பர் 28ஆம் தேதி சூரியன் பக்கத்துல போய் உடைஞ்சு சிதறிருச்சு. 2020ல நியோவைஸ் மேல பெருசா யாருக்கும் எதிர்பார்ப்பு இல்ல, ஆனா ஜூலைல வெறும் கண்ணுக்கே தெரிஞ்சுது. புதுசா வர்றவங்க போன வாரம் யாராவது நேர்ல பாத்து என்ன எழுதியிருக்காங்கன்னு மட்டும் பாருங்க.

பழைய டேட்டா இருக்கிற ஆப்

வானத்துல எது எங்க இருக்குன்னு காட்டுற ஆப்ல, கிளம்புற அன்னிக்கு ஆர்பிட் (சுற்றுப்பாதை) டேட்டாவை அப்டேட் பண்ணுங்க. வால்மீனுக்கு இது கட்டாயம்.

நாலு படத்துல ஒரு புள்ளி நகர்ந்தாலே சிறுகோள்னு நினைக்கிறது

ஹாட் பிக்சலா (கேமரா சென்சார்ல தானா மின்னுற கோளாறு புள்ளி) இருக்கும், சேட்டிலைட்டா இருக்கும், ஏற்கனவே பட்டியல்ல இருக்கிற கல்லா இருக்கும். அடுத்த ராத்திரியும் அதைப் பிடிங்க.

அவசரப்பட்டு "கண்டுபிடிச்சேன்"னு சொல்றது

முதல் தடவை ரிப்போர்ட் அனுப்பின உடனே ஸ்கூல்ல பேனர் வெச்சு, பேப்பர்ல போட்டோ போட்டு, பிள்ளைக்கு மாலை போட்டுடுறாங்க. உலகம் முழுக்க வர்ற சிறுகோள் ரிப்போர்ட்டை எல்லாம் வாங்கிச் சரிபார்க்கிற மைனர் பிளானெட் சென்டர் அதுக்கு ஒரு தற்காலிகப் பேர் கொடுக்கணும், மத்த இடங்கள்ல இருந்தும் பாக்கணும், பல வருஷ டேட்டா சேர்ந்து சுற்றுப்பாதை உறுதியாகி நம்பர் கொடுக்கணும், அதுக்கப்புறம்தான் பேர் வைக்கிறது. நம்ம மெட்ராஸ் அப்சர்வேட்டரியில 1861ல போக்சன் கண்டுபிடிச்ச 67 ஏசியா, காவலூர்ல 1988ல ராஜமோகன் கண்டுபிடிச்ச 4130 ராமானுஜன், முன்னாடி அந்த நம்பர் நிக்குது பாருங்க, அதுதான் உறுதியானதுக்கு அடையாளம். அதுவரைக்கும் "ஒரு புது பொருளா இருக்கலாம்னு ரிப்போர்ட் பண்ணியிருக்கோம்"னு சொல்றதே பிள்ளைங்களுக்குப் பெருமைதான்.

நட்சத்திரம் மறையலைன்னு ரிப்போர்ட் அனுப்பாம விடுறது

அனுப்புங்க. நிழல் உங்க ஊர் மேல விழலைங்கிறதும் அந்தக் கல்லோட ஓரம் எங்க முடியுதுன்னு காட்டும். சரியான டைமோட.