லிஸ்டோபாட் எந்த மாதம்? ஐரோப்பியத் தேதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்தின் விடுதலை நாள் 1918 நவம்பர் 11. போலிஷ் மொழியில் அதை ‘11 லிஸ்டோபாடா’ என்று எழுதுவார்கள். குரோவேஷிய நாடாளுமன்றம் யூகோஸ்லாவியாவுடனான சட்ட உறவுகளை முறித்துக்கொண்ட நாள் 1991 அக்டோபர் 8. குரோவேஷிய மொழியில் அது ‘8. லிஸ்டோபாடா’. மாதத்தின் பெயர் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனால் போலிஷில் அது நவம்பர், குரோவேஷியனில் அக்டோபர்.

ஐரோப்பிய மொழிகள் எல்லாவற்றிலும் மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி சாயலில்தான் இருக்கும், உச்சரிப்பு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பிறப்புச் சான்றிதழ், விசாத் தாள், பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நாள் ஆகியவற்றில் தேதி தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. மொழிபெயர்ப்பவர்களும் மொழி படிப்பவர்களும் பழைய ஆவணங்களைத் தேடுபவர்களும் திரும்பத் திரும்ப இடறும் இடங்களை இங்கே சொல்கிறேன்.

ஒலியை வைத்து மாதத்தை ஊகிப்பது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. போலிஷ், செக், உக்ரேனியன், குரோவேஷியன் ஆகிய ஸ்லாவிய மொழிகள் ரோமானியப் பெயர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பருவத்தையும் பயிரையும் வைத்து மாதங்களுக்குப் பெயரிட்டன. லிஸ்டோபாட் என்றால் இலையுதிர்வு. லிண்டன் மரம் பூப்பது குரோவேஷியாவில் ‘லிபாஞ்’, அது ஜூன். போலந்தில் ‘லிப்யெட்ஸ்’, அது ஜூலை. அரிவாளின் பெயரைத் தாங்கிய அறுவடை மாதம் குரோவேஷியனில் ‘ஸ்ர்பாஞ்’, அதாவது ஜூலை. செக் மொழியின் ‘ஸ்ர்பென்’, போலிஷின் ‘ஷெர்பியென்’ இரண்டும் ஆகஸ்ட். புல் முளைக்கும் மாதம் குரோவேஷியனில் ஏப்ரல், உக்ரேனியனில் மே.

இதைப் பார்த்ததும் ‘சரி, தெற்கே வெயில் முன்னாடியே வருகிறது, குரோவேஷியன் பெயரைக் கண்டால் ஒரு மாதம் கழித்துக்கொள்ளலாம்’ என்று விதி செய்துகொள்ளத் தோன்றும். அந்த விதியை நம்பாதீர்கள். பூக்கும் மாதத்தைப் பாருங்கள். போலிஷில் ‘க்வியெச்சென்’ ஏப்ரல். போலந்துக்குத் தெற்கே இருக்கும் செக் நாட்டில் ‘க்வியெதென்’ மே. விதி தலைகீழாகிவிட்டது. டிசம்பருக்கான ‘ப்ரோசினெட்ஸ்’ என்ற செக் பெயரும் ‘ப்ரோசினாட்ஸ்’ என்ற குரோவேஷியப் பெயரும் நகராமல் ஒரே மாதத்தில் நிற்கின்றன. தெலுங்கர்களின் சைத்ரம் உகாதியன்று தொடங்கிவிடும், நம் சித்திரை ஏப்ரல் நடுவில்தான் பிறக்கும் என்பதை எப்படித் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறோமோ, இவற்றையும் அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்டை மொழி என்பதாலும் ஏமாறக் கூடாது. செக் மொழிக்கு மிக நெருங்கிய ஸ்லோவாக் ரோமானியப் பெயர்களையே வைத்திருக்கிறது. ரஷ்யனும் பல்கேரியனும் செர்பியனும் அப்படியே. பின்னிஷ் மொழியில் பன்னிரண்டு மாதங்களுக்கும் சொந்தப் பெயர். அதன் உறவு மொழியான எஸ்டோனியனில் ‘யானுவார்’ என்று ரோமானிய வரிசை. எனவே ஒரு தேதியைப் பெயர்க்கும் முன் அது எந்த மொழி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நாள் எண்ணுக்குப் பின் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது உதவும்: குரோவேஷியனில் புள்ளி வைப்பார்கள், போலிஷில் வைப்பதில்லை.

அகராதி வடிவத்தையே தேதியிலும் தேடுவது

ஸ்லாவிய மொழிகள் பலவற்றிலும் கிரேக்கத்திலும் லிதுவேனியனிலும், தேதியில் வரும்போது மாதப் பெயர் வேற்றுமை உருபு ஏற்கும். போலிஷில் பிப்ரவரி ‘லூத்தி’. ‘பிப்ரவரி 5’ என்று எழுதும்போது அது ‘லூதெகோ’ ஆகிவிடும். டிசம்பர் ‘க்ரூஜென்’, தேதியில் ‘க்ரூத்னியா’. முதலில் சொன்ன லிஸ்டோபாடாவும் இப்படி உருபேற்ற வடிவம்தான். செக்காரர்கள் அதையே ‘லிஸ்டோபாடு’ என்பார்கள். 1989இல் பிராகாவில் மாணவர் ஊர்வலம் புரட்சியாக மாறிய நவம்பர் 17, அங்கே ‘17. லிஸ்டோபாடு’. கிரேக்க விடுதலைப் போரின் தொடக்க நாளாகக் கொண்டாடப்படும் 1821 மார்ச் 25 ‘25 மார்தியூ’. தனியாகச் சொன்னால் ‘மார்தியோஸ்’.

மொழி படிக்கும் மாணவர்கள் நாட்காட்டிப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வில் திணறுவது இதனால்தான். இரண்டு வடிவங்களையும் சேர்த்தே படியுங்கள். நடைமுறையில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது உருபேற்றதைத்தான்.

மூன்று எழுத்தில் வெட்டுவது

ஆங்கிலத்தில் எந்த மாதத்தையும் மூன்று எழுத்தில் சுருக்கலாம், குழப்பம் வராது. மற்ற மொழிகளில் இதைச் செய்யாதீர்கள். பிரெஞ்சில் ஜூனுக்கும் ஜூலைக்கும் முதல் மூன்று எழுத்துகள் ஒன்றே. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஜூனைச் சுருக்காமல் முழுதாக எழுதி, ஜூலைக்கு நான்கு எழுத்து வைக்கிறார்கள். செக்கில் ஜூன் ‘செர்வென்’, ஜூலை ‘செர்வெனெட்ஸ்’. ஐந்தாறு எழுத்து தாண்டினால்தான் வேறுபாடு தெரியும். லிதுவேனியனில் ஆகஸ்ட் ‘ருக்பியூதிஸ்’, செப்டம்பர் ‘ருக்ஸேயிஸ்’. ஒன்று கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தை அறுக்கும் மாதம், மற்றது விதைக்கும் மாதம். மூன்றில் வெட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்பானிஷில் மார்ச் மாதமும் செவ்வாய்க்கிழமையும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்குகின்றன. மென்பொருள் எழுதும் நம் இளைஞர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

காதுக்கும் இதே தொல்லை உண்டு. ஜெர்மனில் ஜூன் ‘யூனி’, ஜூலை ‘யூலி’. தொலைபேசியில் குழப்பம் வராமலிருக்க ஜெர்மானியர்களே ‘யூனோ’, ‘யூலாய்’ என்று மாற்றிச் சொல்வதுண்டு. அப்படிக் கேட்டால் வேறு மாதமோ என்று திகைக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் ஜனவரியை ‘யென்னர்’ என்பார்கள், அரசு ஆவணத்திலும் அப்படித்தான்.

செப்டம்பரின் எண்ணைத் தவறாகப் படிப்பது

ஜூலையும் ஆகஸ்டும் நடுவில் செருகப்பட்டதால்தான் ஏழாம் மாதமான செப்டம்பர் ஒன்பதுக்குத் தள்ளப்பட்டது என்று ஒரு கதை நம்மிடையே சுற்றுகிறது. அது தவறு. ரோமர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழு, டிசம்பர் பத்து. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் முன்பே இடம் இருந்தது, ‘ஐந்தாவது’, ‘ஆறாவது’ என்ற பெயரில். கி.மு. 44இல் ஐந்தாவதற்கு ஜூலியஸ் சீசரின் பெயரும், கி.மு. 8இல் ஆறாவதற்கு அகஸ்டஸின் பெயரும் வந்தன. அகஸ்டஸ் தன் மாதத்துக்காகப் பிப்ரவரியிடமிருந்து ஒரு நாளைப் பறித்தார் என்பதும் பின்னால் கட்டிய கதையே. சீசரின் சீர்திருத்தத்திலேயே அந்த மாதத்துக்கு 31 நாள் வந்துவிட்டது.

அப்புறம், செப்டம்பர் ‘சப்த அம்பரம்’ என்ற சமஸ்கிருதத்திலிருந்து போனது என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. ஏழைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் சமஸ்கிருதச் சொல்லும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை, அதனால் ஒத்திருக்கின்றன. ‘அம்பரம்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இது வெறும் தகவல் திருத்தம் என்று கடந்துபோக முடியாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கில, பிரெஞ்சுக் கையெழுத்து ஆவணங்களில் செப்டம்பரை ‘7பர்’ என்றும் அக்டோபரை ‘8பர்’ என்றும் சுருக்கி எழுதும் வழக்கம் இருந்தது. நவம்பர் ‘9பர்’, டிசம்பர் ‘10பர்’. தேவாலயப் பதிவேட்டில் முன்னோரின் ஞானஸ்நான நாளைத் தேடுபவர் ‘7பர்’ என்பதை ஜூலை என்று குறித்துக்கொண்டால் அடுத்தடுத்த தேடல் எல்லாமே பிசகிவிடும்.

வரிசையும் புள்ளியும்

03/04 என்பது பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. இது பலருக்கும் தெரியும். ஐரோப்பாவுக்குள்ளேயே வரிசை மாறும் என்பதுதான் அதிகம் தெரியாதது. ஹங்கேரியர்கள் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுகிறார்கள், ஆண்டுக்குப் பின் புள்ளி வைத்து. லிதுவேனியாவிலும் ஆண்டுதான் முதலில். போலந்தில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் வழக்கம் இன்னும் உண்டு.

நம் குடும்பங்கள் நிறைய வாழும் வட ஐரோப்பிய நாடுகளில் ஒரு சிக்கல். நார்வேயின் தேசிய அடையாள எண் நாள், மாதம், ஆண்டு என்று தொடங்கும்; டென்மார்க்கிலும் அப்படியே. ஸ்வீடனில் ஆண்டு, மாதம், நாள். 050612 என்று தொடங்கும் எண், நார்வேயில் 12ஆம் ஆண்டு ஜூன் 5இல் பிறந்தவருடையது. ஸ்வீடனில் 05ஆம் ஆண்டு ஜூன் 12இல் பிறந்தவருடையது. ஆஸ்லோவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் குடிபெயர்பவர்கள் படிவத்தை நிரப்பும்போது நிதானிக்க வேண்டும். இந்த நாடுகளிலும் ஜெர்மனியிலும் ‘32ஆம் வாரம் வாருங்கள்’ என்று வார எண்ணைச் சொல்வதும் சகஜம். திங்களில் தொடங்கும் வாரம் அது. ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். கைபேசி நாட்காட்டி ஞாயிறில் தொடங்குமாறு இருந்தால் எண் பிசகக்கூடும்.

எழுதும்போது ஜெர்மனில் நாள் எண்ணுக்குப் பின் புள்ளியை விடாதீர்கள், ‘3.’ என்றால்தான் மூன்றாம் தேதி. பிரெஞ்சில் முதல் தேதிக்கு மட்டும் ‘முதலாம்’ என்பார்கள், அதன்பின் எல்லாம் வெறும் எண்: ‘பிரெமியே மே’, ஆனால் ‘தோ மே’. ஆங்கில வழக்கத்தில் ‘இரண்டாம்’ என்று சொன்னால் பிழை. இத்தாலியனிலும் அப்படியே. ஸ்பானிஷிலும் போர்த்துகீசியத்திலும் நாளுக்கும் மாதத்துக்கும் நடுவிலும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் நடுவிலும் ‘தெ’ வர வேண்டும்.

எந்த நாட்காட்டி என்று கேட்காமல் விடுவது

1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. நூல்களில் இரண்டும் காணக் கிடைக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. பிரான்ஸ் 1582லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று வைத்தார்கள். ஆக, அதுவரை புதுச்சேரியிலும் சென்னையிலும் ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள். 1706இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்குவின் காலத்தில் டேனியர்கள் புதிய கணக்கில் இருந்தார்கள், 1700இலேயே மாறிவிட்டதால்.

ஆங்கில ஆவணங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1752க்கு முன் இங்கிலாந்தின் சட்ட ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, அன்றைய கணக்கில் 1648. நம் கணக்கில் 1649. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஆங்கிலத் தேதிகளைக் கண்டால் ஆண்டையும் சரிபாருங்கள்.

பழைய தேதியை மாற்றும்போது எல்லாவற்றுக்கும் 13 நாளைக் கூட்டிவிடுவது பரவலான பிழை. ரஷ்யப் புரட்சியின் அக்டோபர் 25 நவம்பர் 7 ஆவதைப் பார்த்து வந்த பழக்கம் அது. இடைவெளி நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியது: 1582இல் 10 நாள், 1700இல் 11, 1800இல் 12, 1900இல் 13. 1799 மே 26இல் பிறந்த ரஷ்யக் கவிஞர் புஷ்கினுக்கு ஜூன் 6. 1825 டிசம்பர் 14இல் ரஷ்யாவில் நடந்த டிசம்பர் கிளர்ச்சிக்கு டிசம்பர் 26.

மாற்றிய தேதியை மட்டும் எழுதிவிட்டு மூலத்தில் இருந்ததை அழிக்காதீர்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எந்தக் கணக்கு என்று குறித்துவிடுங்கள். ஆவணத்தில் கிழமை இருந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். நாட்காட்டி மாறியபோது தேதிகள் தாவின, கிழமைகள் தாவவில்லை. சென்னை பிடிபட்ட நாள் செப்டம்பர் 10 என்றாலும் 21 என்றாலும் புதன்கிழமைதான்.